ஜோசபினும் எங்கள் வீட்டுக் கேமராவும்

செடெனாக்கில் எங்கள் வீட்டு வாசலில் போன வருஷம் ஒரு வைஃபை கேமரா மாட்டினேன். தொண்ணூறைத் தாண்டிய பாட்டி அண்ணாந்து பார்த்தார். "கம்பியில்லாம பேசுற சாமான வீட்ல வைக்காதடா. ஜப்பான்காரன் காலத்துல தலையே போயிருக்கும்." ரேடியோவும் கேமராவும் அவருக்கு ஒன்றுதான். அன்று சிரித்தேன். அப்புறம்தான் சிபில் கார்த்திகேசுவைத் தேடிப் படித்தேன்.

1899இல் சுமத்ராவின் மேடானில் பிறந்த யுரேசியத் தாதி அவர். கணவர் டாக்டர் ஏ.சி. கார்த்திகேசு தமிழர். ஈப்போவில் கிளினிக் நடத்திய குடும்பம், ஜப்பானியப் படை ஊரைப் பிடிப்பதற்குச் சற்று முன்பே பக்கத்திலிருந்த பாப்பானுக்குக் குடிபோனது. அங்கே காட்டிலிருந்து வந்த கெரில்லாக்களுக்கு ரகசியமாக வைத்தியம் பார்த்தார்கள். வீட்டில் ஒளித்து வைத்த ஷார்ட்வேவ் ரேடியோவில் பிபிசி கேட்டு, நம்பகமானவர்களுக்குச் செய்தி சொன்னார்கள். அந்த ரேடியோவுக்கு சிபில் வைத்த செல்லப் பெயர்தான் ஜோசபின்.

அக்காலத்து ரேடியோ கேட்கும் கருவி மட்டுமே. வெளியே எதையும் அனுப்பாது. (வால்வு செட்டிலிருந்து சின்னதாக ஒரு அலை கசியும் என்று எங்கள் லெக்சரர் சொல்வார், அது தூரம் போகாது.) அதை வைத்திருந்தவர்களுக்குப் பயம் கூரையில் தெரியும் ஏரியல் கம்பி, சுவரைத் தாண்டும் சத்தம், அக்கம்பக்கத்து வாய் இவைதான்.

1943இல் சிபில் கைதானார். கெம்பெய்தாய் சுமத்திய குற்றங்களில் ரேடியோ கேட்டு செய்தி பரப்பியதும் ஒன்று. கடும் சித்திரவதை. சிறுமியான மகளையும் அவர் கண்ணெதிரே வைத்து மிரட்டினார்கள். அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. ஆயுள் தண்டனை விழுந்தது, போர் முடிந்துதான் வெளியே வந்தார். ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. ஆனால் உடம்பு தேறவேயில்லை. 1948 ஜூனில் பிரிட்டனில் இறந்தார்.

இதைப் படித்த ராத்திரிதான் எங்கள் கேமராவைத் திறந்து பார்த்தேன். எஞ்சினியர் என்று சொல்லிக்கொள்கிறேன், வெட்கம். பயனர் பெயரும் பாஸ்வேர்டும் தொழிற்சாலையில் வைத்தபடியே இருந்தன. ரௌட்டர் தானாகவே அதற்கு வெளியே கதவு திறந்து வைத்திருந்தது. 2016இல் மிராய் என்ற நிரல் செய்தது ரொம்ப எளிமையான வேலை: அறுபது சொச்சம் தொழிற்சாலை பாஸ்வேர்டுகளை வைத்துக்கொண்டு உலகமெங்கும் வீட்டுக் கேமராக்களையும் ரௌட்டர்களையும் தட்டிப் பார்த்தது. திறந்தவற்றைப் படையாகத் திரட்டினார்கள். அந்த அக்டோபர் 21ஆம் தேதி டின் நிறுவனத்தின் மீது அந்தப் படையை ஏவியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பலருக்குத் திறக்கவில்லை. கேமராக்காரர்கள் யாருக்கும் தங்கள் வீடு இதில் சேர்ந்தது தெரியாது.

ஜோசபினைக் காட்டிக்கொடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கும். எங்கள் கேமராவுக்கு யாரும் தேவையில்லை, அதுவே வாய்.

பாஸ்வேர்டை மாற்றினேன், ரௌட்டரின் தானியங்கிக் கதவை அடைத்தேன், கேமராவைத் தனி நெட்வொர்க்கில் போட்டேன். "இப்ப பயமில்ல பாட்டி" என்றேன். "நீ சொன்னா சரிடா" என்றவர், வாசலைக் கடக்கும்போது மட்டும் இன்னும் குரலைத் தாழ்த்துகிறார்.

பாப்பான் மெயின் ரோட்டில் 74ஆம் எண் வீடு இன்னும் இருக்கிறதாம். அடுத்த லீவில் பாட்டியைக் கூட்டிப் போகணும்.