சிட்ரஸ் பழ அழுகலைத் தடுக்கும் நுண்ணுயிர்கள்

ஆரஞ்சு, எலுமிச்சை முதலிய சிட்ரஸ் பழங்களைப் பறித்த பிறகு அழுகவைக்கும் பூஞ்சைகளில் முதன்மையானது பென்சிலியம் டிஜிடேட்டம். பறிக்கும்போதோ பெட்டியில் அடுக்கும்போதோ தோலில் விழும் கீறல்தான் இதற்கு வாசல். கீறலைச் சுற்றித் தோல் நீர்கோத்து மெத்தென்றாகும். வெள்ளைப் பூஞ்சணம் வட்டமாகப் படரும். பிறகு அதன் நடுவில் பச்சைப் பொடி பூக்கும். கை பட்டாலே பறக்கும் அந்தப் பொடி முழுவதும் பூஞ்சை வித்துகளே.

இமசாலில், தயாபெண்டசோல் போன்ற பூஞ்சைக்கொல்லிகள் பல பத்தாண்டுகள் பழத்தைக் காத்தன. நாளடைவில் பூஞ்சை அவற்றுக்கு ஈடுகொடுக்கத் தொடங்கியது. உண்ணும் பழத்தில் மருந்தின் எச்சம் தங்குகிறதே என்ற கவலையும் சேர்ந்துகொண்டது.

மாற்றுவழிக்கான விதை அதற்கு முன்பே விழுந்திருந்தது. பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியா சிட்ரஸ் அழுகல் பூஞ்சைகளை அடக்குவதை 1953-இல் இஸ்ரேலின் கட்டர், லிட்டவர் இருவரும் எழுதினர். ஆனால் அது பூஞ்சையை ஒடுக்குவது தான் சுரக்கும் ஆன்டிபயாட்டிக் பொருளால். உணவுப் பொருளில் அதைத் தடவுவது சரிதானா என்ற கேள்வி நியாயமானது.

திருப்பம் 1990-இல் வெளியான ஆய்வில் வந்தது. அமெரிக்காவின் சார்லஸ் வில்சனும் இஸ்ரேலின் எடோ சலுட்சும் பழத்தோலைக் கழுவிய நீரை அப்படியே வளர்ப்புத் தட்டில் இட்டபோது ஈஸ்டும் பாக்டீரியாவும் மட்டுமே வளர்ந்தன. அதே நீரை நீர்க்கச் செய்து இட்டதும் அழுகல் பூஞ்சைகள் தலைகாட்டின. பழத்தின் மேலேயே காவலர்கள் குடியிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. இந்த ஈஸ்டுகளுக்கு ஆன்டிபயாட்டிக் அவசியமில்லை. கீறலில் கசியும் சர்க்கரையையும் இடத்தையும் முந்திக்கொண்டு பிடித்து, பூஞ்சை வித்து முளைக்க வழியில்லாமல் செய்துவிடுகின்றன. சில ஈஸ்டுகள் பூஞ்சை இழைகளில் ஒட்டி அவற்றின் சுவரை அரிக்கும் நொதிகளையும் சுரக்கின்றன.

கேண்டிடா ஒலியோஃபிலா ஈஸ்டைக் கொண்ட 'ஆஸ்பயர்', சூடோமோனாஸ் சிரிங்கே பாக்டீரியாவைக் கொண்ட 'பயோசேவ்' ஆகிய இரண்டும் 1995-இல் அமெரிக்காவில் பதிவு பெற்றன. ஆஸ்பயர் சில ஆண்டுகளில் சந்தையிலிருந்து மறைந்தது. அதன் ஆற்றல் இடத்துக்கு இடம் ஏறி இறங்கியது; தடவுவதற்கு முன்பே உள்ளே வேரூன்றிய பூஞ்சையை அதனால் விரட்டவும் முடியவில்லை. தயாபெண்டசோலைக் குறைந்த அளவில் சேர்த்துத் தந்தபோது, முழு அளவு மருந்துக்கு நிகராக அது பழத்தைக் காத்தது. இன்றைய நிலையில் இந்த நுண்ணுயிர்கள் ரசாயனத்தைக் குறைக்க உதவும் துணையே; அதை முழுவதும் விலக்கிவிட அவை இன்னும் போதவில்லை.