எழும்பூர் கண்ட குளிர்ச் சோதனை

இதயம் நின்று மீண்டவரின் உடலைக் குளிர்வித்தால் மூளை பிழைக்கும் என்று 2002இல் ஐரோப்பிய, ஆஸ்திரேலிய மருத்துவர்கள் அறிவித்தனர். குளிரில் மூளைக்கு உயிர்வளித் தேவை குறையும் என்பதே அவர்தம் கருத்து. பிறக்கையில் மூச்சுத் திணறிய குழந்தைகளுக்கும் மேலைநாடுகளில் அம்முறை பயன் தந்தது.

நம் நாட்டிலும் தருமா? எழும்பூர் அரசு மருத்துவமனைகளும் பங்குகொண்ட ஆய்வொன்று 2015இல் தொடங்கிற்று. இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 408 சிசுக்கள்; அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேரை 72 மணி நேரம் 33.5 பாகை செல்சியசில் வைத்தனர். 2021இல் வெளிவந்த முடிவைக் கண்டு நான் திகைத்தேன். குளிர்விக்கப்பட்டோரில் நூற்றுக்கு 42 பேர் மாண்டனர். மற்றோரில் 31 பேரே. அவ்வாண்டே, இதயம் நின்ற பெரியவர்கள் 1,800 பேருக்கு மேல் ஆராய்ந்த மற்றொரு பன்னாட்டுக் குழுவினர், காய்ச்சல் வராமல் காப்பதைவிடக் குளிர்விப்பதால் கூடுதல் நன்மையில்லை எனக் கண்டனர்.