பட்டியலில் இல்லாத பெயர்

1901, ஜனவரி. எண்ணெய்க் கோடீஸ்வரர் ராக்ஃபெல்லரின் பேரன், மூன்று வயதுக் குழந்தை, ஸ்கார்லெட் காய்ச்சலில் போய்விட்டது. தாத்தாவிடம் கோடிகோடியாகப் பணம் இருந்தது. மருந்துதான் இல்லை. அதே வருடம் நியூயார்க்கில் ஒரு மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆரம்பிக்கப் பணம் கொடுத்தார். நோபல் பரிசு பிறந்ததும் அதே 1901-ல்தான்!

இன்று அது ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகம். பி.ஏ., பி.எஸ்ஸி. எல்லாம் கிடையாது, ஆராய்ச்சி மட்டும்தான். அதனுடன் தொடர்புள்ள நோபல் விஞ்ஞானிகள் 25-க்கு மேல். அந்தப் பட்டியலில் நீங்கள் எத்தனை முறை தேடினாலும் ஒரு பெயர் கிடைக்காது. ஆஸ்வால்ட் ஏவரி.

யார் இவர்? நிமோனியா கிருமியோடு பல வருடம் மல்லுக்கட்டியவர். கொல்லும் ரகக் கிருமியின் சாற்றைச் சாதுவான ரகத்துடன் சேர்த்தால், சாதுவும் கொலைகாரனாகிறது. அதன் வாரிசுகளும் அப்படியே. சாற்றில் இருக்கும் எது இதைச் செய்கிறது? ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார்கள் ஏவரியும், மெக்லியாடும், மெக்கார்ட்டியும். மிஞ்சியது டிஎன்ஏ! 1944-ல் கட்டுரை வந்தபோது ஏவரிக்கு வயது 66.

உலகம் நம்பியதா? பரம்பரைச் சங்கதியைச் சுமப்பது புரதம்தான் என்று பலர் அடித்துச் சொன்ன காலம் அது. அதே கழகத்தில் இருந்த மிர்ஸ்கியே, 'துளி புரதம் ஒட்டிக்கொண்டிருக்கலாமே' என்றார். ஏவரியின் பெயர் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் நோபல் கமிட்டி, பொறுத்துப் பார்ப்போம் என்றே இருந்தது. 1955-ல் ஏவரி காலமானார். இறந்தவரைப் பரிந்துரைக்க விதியில் இடமில்லை. 1962-ல் டிஎன்ஏவின் வடிவத்துக்காக வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவருக்கும் பரிசு கிடைத்தது.

இதே பல்கலைக்கழகத்தில் இன்னொரு கதையும் உண்டு. நோய் எதிர்ப்பு சக்தி பற்றி ஆராய்ந்த ரால்ஃப் ஸ்டெய்ன்மனுக்கு 2011 அக்டோபர் 3-ம் தேதி நோபல் அறிவித்தார்கள். அவரோ மூன்று நாள் முன்பே இறந்திருந்தார். கமிட்டிக்குத் தெரியாது. தெரிந்த பிறகு கூடிப் பேசி, 'கொடுத்தது கொடுத்ததுதான்' என்று முடிவு செய்தார்கள். மூன்று நாள் தாமதத்தை மன்னிக்க முடிந்தது. பதினோரு வருடத் தயக்கத்துக்குப் பரிகாரமே இல்லாமல் போயிற்று.

1965-ல் பல்கலைக்கழக வளாகத்தின் ஒரு நுழைவாயிலுக்கு ஏவரியின் பெயரை வைத்தார்கள். அடுத்த முறை யாராவது 'எங்கள் கல்லூரிக்கு இத்தனை பரிசு' என்று கணக்குச் சொன்னால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'விட்டுப்போனது யார்?'