திருவரங்கத்தில் துயிலும் விழிப்பும்

திருச்சிராப்பள்ளிக்கு வடக்கே, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் உள்ள திருவரங்கத்தில் கோயிலின் ஒரு நாள் பெருமாளை எழுப்புவதில் தொடங்கி அவரைத் துயிலவைப்பதில் முடிகிறது. அவர் அரவணையில் பள்ளிகொண்ட கோலம் சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையிலேயே இடம்பெற்றுவிட்டது. வைணவர் அதை உறக்கம் என்பதில்லை. அனைத்தையும் அறிந்தபடி கிடக்கும் அறிதுயில் என்பர். மனித மூளைக்கு அந்த நிலை எளிதில் வாய்க்காது. மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமஸின் முன்புறத்தில் உறக்கத்தைக் கொண்டுவரும் நரம்பணுக்கள் உள்ளன. விழிப்பைத் தரும் நரம்பணுக்கள் மூளைத்தண்டிலும் ஹைப்போதலாமஸின் பின்புறத்திலும் உள்ளன. இவ்விரு தரப்பும் ஒன்றையொன்று அடக்குவதால், ஒன்று மேலோங்கும்போது மற்றது ஓய்ந்துவிடுகிறது.

அரங்கனை எழுப்பும் பாட்டைத் தந்தவர் தொண்டரடிப்பொடி ஆழ்வார். திருமண்டங்குடியில் விப்பிரநாராயணராகப் பிறந்து, அரங்கத்தில் நந்தவனம் வைத்துப் பூமாலை கட்டித் தொண்டு செய்தவர். அவருடைய திருப்பள்ளியெழுச்சியின் பத்துப் பாடல்களில் விடியலின் அடையாளங்கள் அடுத்தடுத்து வருகின்றன: கதிரவன் தோன்றுகிறான், இருள் விலகுகிறது, பூக்கள் மலர்கின்றன, முரசு அதிர்கிறது, கீழ்க்காற்று மணம் சுமந்து வருகிறது. ஒளியை முதலில் வைத்த அந்த வரிசை வியப்புக்குரியது. மூளையின் நாள்கடிகாரம், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்களாலான சிறு முடிச்சாக இருக்கிறது. 1972இல் அடையாளம் காணப்பட்ட இந்தக் கடிகாரத்தை நாள்தோறும் திருத்துவதில் முதலிடம் விழித்திரை வழியே வரும் ஒளிக்கே. ஓசைக்கும் கூட்டுறவுக்கும் இதில் பங்கு உண்டு என்பதற்கு மதுரையிலிருந்தே சான்று கிடைத்தது. குகையின் இருளில் அடைத்துவைத்த வௌவால்கள், வெளியே சென்று திரும்பும் தம் இனத்தவற்றோடு ஒத்து 24 மணி நேர ஒழுங்கைக் காத்தன என்று மாரிமுத்து, ராஜன், சந்திரசேகரன் ஆகியோர் 1981இல் காட்டினர். பசுவும் யானையும் முன்னிற்க நடக்கும் விசுவரூப சேவை, பெருமாளோடு ஊரையும் எழுப்பியது என்று கொள்ளத் தடையில்லை.

எழுப்புதலைப் போலவே கண்விழித்தலும் இங்கே பழைய வழக்கம். முதலாம் குலோத்துங்க சோழனின் 18ஆம் ஆட்சியாண்டுக் (1088) கல்வெட்டு ஒன்று, திருவிழா இரவுகளில் குலசேகர ஆழ்வாரின் ‘தேட்டருந்திறல்’ பதிகம் ஓதப்பட்டதைக் குறிப்பிடுகிறது. 1323இல் டெல்லி சுல்தானின் படையெடுப்பின்போது ஊரைவிட்டுச் சென்ற உற்சவர் நம்பெருமாள் 1371இல் திரும்பிய பின் விழாக்கள் மீண்டும் உயிர்பெற்றன. மார்கழியில் பகல் பத்தும் இராப்பத்தும் நடக்கின்றன. வைகுண்ட ஏகாதசியன்று விடியலுக்கு முன் பரமபத வாசல் திறக்கிறது. ஆடியில் உறங்கச் சென்ற திருமால் கண்விழிப்பதாகக் கருதப்படும் கார்த்திகை வளர்பிறை ஏகாதசியே கைசிக ஏகாதசி. அன்றிரவு 365 வஸ்திரங்கள் சாத்தப்படுகின்றன. வைணவ ஆசாரியர் பராசர பட்டரின் வழியில் வந்தவர் கைசிக புராணம் படிக்கிறார். வீடுகளிலோ பரமபத சோபானப் படம் விரித்துத் தாயம் உருட்டி ஏகாதசி இரவைக் கழித்தார்கள்.

விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் மூளையில் அடினோசின் சேர்ந்து உறக்கத்தை அழுத்தமாகக் கோருகிறது. நாள்கடிகாரமும் விழிப்புக்குத் துணை நிற்காத பின்னிரவில், உடல் வெப்பம் மிகவும் தாழ்ந்திருக்கும் அந்த நேரத்தில்தான், கண்ணைத் திறந்துவைப்பது கடினம். விடிந்ததும் கடிகாரம் விழிப்பின் பக்கம் சாய்வதால், இரவு முழுவதும் உறங்காதவருக்கும் சற்றுத் தெளிவு பிறக்கிறது. ஏகாதசியில் விழிப்போடு நோன்பும் சேர்ந்திருப்பது பொருத்தமான இணைப்பு. விழிப்பை நிலைநிறுத்தும் ஒரெக்சின் என்ற வேதிப்பொருள் 1998இல் கண்டறியப்பட்டது. அதைச் சுரக்கும் நரம்பணுக்கள் விலங்குகளில் பசியின்போது கூடுதலாகச் செயல்படுகின்றன. வயிறு நிறைந்தவரைவிட நோன்பிருந்தவருக்குக் கண்விழிப்பது எளிதாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

கனவுக்கும் அரங்கத்தின் வரலாற்றில் பெரிய இடம் உண்டு. வளர்ப்பு மகள் ஆண்டாளை அரங்கத்துக்கு அழைத்துவரும்படி பெரியாழ்வாருக்குக் கனவில் ஆணை வந்தது என்கிறது குருபரம்பரை. முதல் சாமத்துக் கனவு ஓராண்டிலும் விடியற்காலைக் கனவு பத்து நாளிலும் பலிக்கும் என்று கனாநூல் வகுத்தது. பலன் கணிப்புக்கு ஆதாரம் இல்லை. ஆனால் விடியற்காலைக் கனவைத் தனியே பிரித்தது கூர்மையான கவனிப்பு. 1953இல் சிகாகோவில் அசரின்ஸ்கியும் கிளைட்மனும் கண்கள் வேகமாக அசையும் உறக்கத்தைப் பதிவுசெய்தனர்; தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதே எழுகின்றன. ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை வரும் இந்நிலை, முன்னிரவில் சில நிமிடங்களே நீடிக்கிறது. விடியலை நெருங்க நெருங்க நீள்கிறது. அதிலிருந்து நேரே எழுபவருக்குக் கனவு நினைவில் நிற்கும். இந்த உறக்கத்தின்போது மூளைத்தண்டு கைகால்களைச் செயலற்றவையாக்குகிறது. உணர்ச்சிக்குரிய பகுதிகள் ஓங்கி, முன்னெற்றிப் பகுதியின் சீர்தூக்கும் வேலை தளர்வதால் எந்தக் காட்சியும் ஐயமின்றி ஏற்கப்படுகிறது.

ஆண்டாள் அரங்கனை மணந்த கதையைத் தெலுங்கில் ‘ஆமுக்தமால்யதா’வாகப் பாடிய கிருஷ்ணதேவராயர், அந்நூல் பிறந்ததும் ஒரு கனவில்தான் என்கிறார். ஸ்ரீகாகுளத்தில் ஏகாதசி நோன்பிருந்த இரவின் நான்காம் சாமத்தில் ஆந்திர விஷ்ணு தோன்றி அதைப் பாடும்படி பணித்ததாக நூலின் தொடக்கத்தில் அவரே எழுதியுள்ளார்.