ஒரு பீப்பாய் எண்ணெயும் ஒரு கடல் சட்டமும்

1968ல் அலாஸ்காவின் வடகரையில் பெரிய எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த எண்ணெயை அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு எப்படிக் கொண்டு போவது? கனடாவின் வடக்கே, தீவுகளுக்கு நடுவே உறைந்து கிடக்கும் வடமேற்குக் கடல்வழியில் போக முடியுமா?

சோதித்துப் பார்க்க 1969ல் மன்ஹாட்டன் என்ற அமெரிக்க எண்ணெய்க் கப்பல் கிளம்பியது. அது பனிக்கட்டியில் சிக்கியபோதெல்லாம் மீட்க உதவியது கனடாவின் கப்பல். ஆனால் அமெரிக்கா கனடாவிடம் முறைப்படி அனுமதி கேட்கவில்லை. அது எல்லோருக்கும் பொதுவான கடல்வழி என்பது அமெரிக்காவின் வாதம். அடையாளத்துக்கு ஒரே ஒரு பீப்பாய் எண்ணெயுடன் கப்பல் திரும்பியது.

கனடாவில் கொந்தளிப்பு. பிரதமர் பியர் ட்ரூடோவின் அரசு 1970ல் ஆர்க்டிக் கடல் மாசுத் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. கரையிலிருந்து 100 கடல் மைல் வரை எந்த நாட்டுக் கப்பலானாலும் கனடாவின் விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும். இங்கேதான் சாமர்த்தியம்! அத்தனை தூரமும் எங்களுக்குச் சொந்தம் என்று சட்டம் சொல்லவில்லை. மாசைத் தடுக்கும் அதிகாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டது.

அன்றைய சர்வதேசச் சட்டத்தில் இதற்குத் தெளிவான இடமில்லை. அதனால் இந்த விஷயத்தில் சர்வதேச நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்க மாட்டோம் என்று கனடா முன்கூட்டியே அறிவித்துவிட்டது.

அமெரிக்கா எதிர்த்தது. இதைப் பார்த்து மற்ற நாடுகளும் தங்கள் கடலுக்குப் பூட்டுப் போட்டால் தன் கப்பல்கள் எப்படிப் போகும் என்பது அதன் கவலை. கடைசியில் கனடா, அமெரிக்கா, சோவியத் யூனியன் மூன்றும் பேசி ஒரு வழி கண்டன. பனி மூடிய கடலுக்கு மட்டும் தனிச் சலுகை! அதுவே 1982ல் ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தத்தின் 234வது பிரிவானது. 200 கடல் மைல் வரை, பாரபட்சம் இல்லாமல், கரையோர நாடு மாசுத் தடுப்பு விதி போடலாம். வடக்குக் கடல்வழியில் தன் கட்டுப்பாடுகளுக்கு ரஷ்யாவும் இதே பிரிவைத்தான் காட்டுகிறது.

பிறகு சர்வதேச கடல்சார் அமைப்பு உருவாக்கிய துருவக் கடல் விதித்தொகுப்பு 2017ல் அமலுக்கு வந்தது. கப்பலின் உறுதி, மாலுமிகளின் பயிற்சி, கழிவு எல்லாவற்றுக்கும் அதில் பொது விதி உண்டு.

அலாஸ்கா எண்ணெய் என்ன ஆனது? 1977 முதல் குழாய் வழியாகத் தெற்குத் துறைமுகத்துக்குப் போகிறது. மன்ஹாட்டன் சோதித்த வழியில் எண்ணெய்க் கப்பல் போக்குவரத்து தொடங்கவே இல்லை. வராத கப்பல்களுக்குப் பயந்து ஒரு நாடு போட்ட சட்டம் உலக விதியாக நிலைத்துவிட்டது.