கழற்சிக்கொடி: தாவரப் பண்புகளும் பெயர்க் குழப்பத்தின் வரலாறும்

கடற்கரை மணல்மேடுகளிலும் ஊர்ப்புற வேலிகளிலும் அடர்ந்து படரும் கழற்சி, மஞ்சள் நிறப் பூக்களைக் கொண்ட முட்கொடியாகும். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த இதன் இன்றைய அறிவியற்பெயர் குயிலாண்டினா பாண்டக். வெப்பமண்டலக் கடற்கரைகள் பலவற்றிலும் பரவியுள்ள இக்கொடி பாண்டக், பாண்டுசெல்லா, கிரிஸ்டா என்னும் மூன்று சிற்றினப் பெயர்களால் நூல்களில் குறிக்கப்பட்டுள்ளது. இவற்றுள் கிரிஸ்டா வேறொரு கொடிக்கு உரியது. பாண்டக் என்பதும் நெடுங்காலம் வேறொரு கொடியையே சுட்டி வந்தது. எனவே பழைய மருத்துவ நூல்களைச் சான்றாகக் கொள்வோர் பெயரை மட்டும் நம்புதல் இயலாது.

கழற்சியின் தண்டிலும் இலைக்காம்பிலும் வளைந்த முட்கள் நிறைந்துள்ளன. பற்றுக்கம்பிகள் இல்லாத இக்கொடி, அம்முட்களைக் கொண்டே பிற செடிகளின்மேல் ஏறுகிறது. இலைகள் இருமுறை சிறகாகப் பிரிந்த கூட்டிலைகள். இலைக்காம்பின் அடியில் சிற்றிலை போன்று அகன்று பிளவுபட்ட இலையடிச் செதில்கள் அமைந்துள்ளன. பூக்கள் கொத்தாகத் தோன்றுகின்றன. அல்லி இதழ்கள் ஐந்து, மகரந்தத்தாள்கள் பத்து. அவரைப் பூவுக்குரிய வண்ணத்துப்பூச்சி வடிவம் இவற்றில் இல்லை. முட்கள் செறிந்த காயினுள் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு விதைகளே காணப்படும்.

விதை ஈயச் சாம்பல் நிறமும் வழவழப்பும் மிகுந்த கடினமும் உடையது. வித்திலைகளுக்கு இடையிலுள்ள வெற்றிடம் அதனைக் கடலில் மிதக்கச் செய்கிறது. ஸ்காட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஆர்க்னித் தீவுகளில் கரையொதுங்கிய விதைகளுள் இதுவும் ஒன்று என 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹான்ஸ் ஸ்லோன் எழுதினார். கொடி வளர இயலாத குளிர்நிலத்திலும் அதன் விதை அறியப்பட்டிருந்தது என்பது கருதத்தக்கது.

பெயர் வரலாற்றிலும் விதையே முன்னிற்கிறது. சங்க இலக்கியம் சுட்டும் மகளிரின் கழங்காட்டமும், வேலன் கழங்கிட்டுக் குறிபார்த்தலும் கழற்சி விதையோடு தொடர்புபடுத்தப்படுகின்றன. பாண்டக் என்பதன் மூலமான புந்துக் என்ற அரபுச் சொல்லும் ஒரு கொட்டையின் பெயரே. 1753இல் லின்னேயஸ் இச்சொல்லைச் சிற்றினப் பெயராக்கினார். பதுவா தாவரத் தோட்டத் தலைவராக விளங்கிய மெல்கியோர் குயிலாண்டினஸின் நினைவைப் பேரினப் பெயர் தாங்கியது. 1762இல் அவரே பாண்டுசெல்லா என்னும் மற்றொரு சிற்றினத்தைப் பிரித்தார். அதன்பின் மஞ்சள் விதையுடையது பாண்டக் எனவும், சாம்பல் விதையுடையது பாண்டுசெல்லா எனவும் வழங்கலாயின. 1868ஆம் ஆண்டின் இந்திய மருந்தியல் நூல் காய்ச்சலுக்கு மிளகுடன் சேர்த்துத் தரப் பரிந்துரைத்த விதையும் பாண்டுசெல்லா என்ற பெயரிலேயே இடம்பெற்றது.

1938இல் டாண்டி, எக்செல் ஆகிய இருவரும் இச்சிக்கலை ஆராய்ந்தனர். லின்னேயஸ் 1753இல் இட்ட பாண்டக் என்னும் பெயர் சாம்பல் விதைக் கொடிக்கே உரியது என்று அவர்கள் நிறுவினர். மஞ்சள் விதைக் கொடி மேஜர் எனப்பட்டது. முள்ளற்ற காயுடைய பிறிதொரு கொடிக்குக் கிரிஸ்டா உரியதாயிற்று. சீசல்பினியாவுக்குள் அடக்கப்பட்டிருந்த குயிலாண்டினா, மரபணு ஆய்வுகளின் அடிப்படையில் 2016இல் தனிப் பேரினமாக மீட்கப்பட்டது.

விதை நிறத்தை மட்டும் சார்ந்து நின்றதே இக்குழப்பத்தை நீட்டித்தது எனலாம். வணிகர் மூட்டையிலும் மருந்துக்கடையிலும் கிடைத்தது விதைதான். இலை அங்கு வந்து சேரவில்லை. கழற்சியில் பெரிதாக விளங்கும் இலையடிச் செதில் மேஜரில் மிகச் சிறியது, அல்லது காணப்படுவதில்லை. ஆகவே 19ஆம் நூற்றாண்டு நூலொன்றில் பாண்டுசெல்லா என வருமிடத்தைக் கழற்சியாகக் கொள்ளலாம். பாண்டக் என வருமிடத்தில் விதை நிறமும் செதிலும் கூறப்பட்டுள்ளனவா என நோக்க வேண்டும். இந்திய நூல்கள் பலவற்றில் கழற்சிக்கே இடப்பட்டுள்ள கிரிஸ்டா என்ற பெயரைக் காணும்போது, காயில் முள் உண்டா என்பதே முதலில் கேட்க வேண்டிய வினா.