பதில் வரும் வரை: பிரஜா உரிமை மனுவின் கதை



நம் பாட்டன் பாட்டிமார் மலாயாவுக்கு வந்தபோது யாருக்கும் மனு எழுதிப் போட்டுக் காத்திருக்கவில்லை. கங்காணி ஊருக்கு வந்தார். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பல் ஏற்றினார். பினாங்கில் இறங்கியவர்களை நோய்த் தடுப்பு முகாமில் சில நாள் வைத்திருந்துவிட்டுத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். 1907-ஆம் ஆண்டு ஏற்பட்ட குடியேற்ற நிதிக்குத் தோட்ட முதலாளிகள் பணம் கட்டினார்கள். அதிலிருந்து கப்பல் கட்டணம் போயிற்று. 1933-இல் அந்நியர் சட்டம் வந்தது. அது சீனர்களின் வரவைக் கட்டுப்படுத்தியதே அன்றி நம்மவரைத் தொடவில்லை. இந்தியர்கள் பிரிட்டிஷ் பிரஜைகள், ஆகவே அந்நியர் அல்லர் என்பது அன்றைய கணக்கு. 1938-இல் கூலி ஆட்களை அனுப்புவதை நிறுத்தியதுகூட இந்திய அரசாங்கம்தான்.

ஆக, இந்த நாட்டுக்கு வருவதற்குக் கடுதாசி கேட்கவில்லை. இங்கே நிலைத்து இருப்பதற்குத்தான் கேட்டார்கள். அந்தக் கடுதாசிக்காகக் காத்திருந்த கதையைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

1948-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதி மலாயாக் கூட்டரசு அமைந்தது. அப்போதுதான் ‘கூட்டரசுப் பிரஜை’ என்ற பேச்சே பிறந்தது. சிலருக்கு அந்த உரிமை சட்டப்படி தானாகவே கிடைத்தது. தோட்டத்து மக்களில் பெரும்பாலோர் மனுச் செய்ய வேண்டியிருந்தது. இங்கே பிறந்தவரானால் கடந்த 12 ஆண்டில் 8 ஆண்டு இங்கே வசித்திருக்க வேண்டும். வெளியே பிறந்தவரானால் 20 ஆண்டில் 15 ஆண்டு. மலாய் மொழியோ ஆங்கிலமோ போதிய அளவு தெரிந்திருக்க வேண்டும். இதுவே இறுதி இருப்பிடம் என்று உறுதி கூற வேண்டும்.

அந்த ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். நடுவில் 1941 டிசம்பர் முதல் 1945 ஆகஸ்டு வரை ஜப்பானியர் காலம். ஆண்களைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தோட்டங்கள் துரை இல்லாமல் கிடந்தன. எந்தச் செக்ரோலைக் காட்டி 15 ஆண்டைக் கணக்குச் சொல்வது?

இந்தக் காலத்து இளைஞர் சிலர், “தாத்தா படிக்காதவர், அதனால் எழுதிப் போடாமல் விட்டுவிட்டார்” என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஊரில் தாய் தகப்பன் இருந்தார்கள். நான்கு காசு சேர்த்துக்கொண்டு திரும்பிப் போகலாம் என்ற எண்ணம் பலருக்கு இருந்தது. 1950-இல் அமலுக்கு வந்த இந்திய அரசியல் சட்டமும் வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சத்தார் அந்நாட்டுப் பிரஜையாகப் பதிந்துகொள்ள வழி வைத்திருந்தது. இரண்டு கதவும் திறந்திருக்கும்போது ஒன்றைச் சாத்த மனிதன் தயங்குவது இயல்புதான். மேலும் மனுப் பாரத்துக்காகப் பட்டணம் போனால் அன்றைய நாள் பேர் விழாது. பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. அவசர காலச் சட்டம் நடந்த அந்நாளில் போலீஸ், பதிவு, கைரேகை என்றாலே மக்களுக்கு ஓர் அச்சமும் இருந்தது.

இதற்கிடையே, போய் வருவதும் பழைய மாதிரி இல்லை. 1953-இல் அமலுக்கு வந்த குடிநுழைவுச் சட்டத்துக்குப் பிறகு, ‘ரஜூலா’ கப்பலில் ஊருக்குப் போய் ஆற அமர இருந்து திரும்புவது என்பது காகிதம் இல்லாமல் நடக்காத காரியமாயிற்று.

பிறகு 1957 ஆகஸ்டு 31. சுதந்திர மலாயாவின் அரசியல் சட்டம் நிபந்தனைகளைத் தளர்த்தியது. மெர்டேக்காவுக்கு முன் இங்கே பிறந்தவர்களுக்கு 7 ஆண்டில் 5 ஆண்டு வாசம் போதும். வெளியே பிறந்து இங்கே வாழ்ந்தவர்களுக்கு 12 ஆண்டில் 8 ஆண்டு. மலாய் மொழி ஓரளவு தெரிந்தால் போதும். இங்கே பிறந்தவர் ஓராண்டுக்குள் மனுச் செய்தால் அந்த மொழித் தேர்வும் இல்லை. ஓராண்டு என்பது நீண்ட காலம் போலத் தோன்றும். ஆனால் அதிகாலையில் பெரட்டுக்கு நின்று, மரம் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்து வீடு திரும்பும் குடும்பத்துக்கு ஓராண்டு ஓடுவதே தெரியாது. அரசியல் கட்சியினரும் தொழிற்சங்கத்தினரும் வந்து சொன்ன தோட்டங்களில் மக்கள் பதிந்தார்கள். யாரும் எட்டிப் பார்க்காத உள் தோட்டங்களில் பலர் விடுபட்டார்கள்.

மனுக் கொடுத்த பின்னும் தொல்லை தீரவில்லை. நம் பெயர்களை ரோமன் எழுத்தில் எழுதியவர்கள் பிறர். பிறப்புப் பத்திரத்தில் ஒரு மாதிரி, அடையாளக் கார்டில் ஒரு மாதிரி, செக்ரோலில் வேறு மாதிரி. ‘ழ’ வரும் பெயர் என்றால் கேட்கவே வேண்டாம். ஒரே முனியம்மாள் காகிதத்தில் மூன்று பெண்மணிகள் ஆகிவிடுவார். மூவரும் ஒருவரே என்று சத்தியப் பிரமாணம் செய்தாக வேண்டும். பிறந்த நாளோ, “பெரிய வெள்ளம் வந்த வருஷம்” என்று பாட்டி சொல்வதுதான். இத்தகைய பாரங்களை நானும் பள்ளி முடிந்த பிற்பகல்களில் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். ஒரு குடும்பத்துக்கு இரண்டு மணி நேரம் எளிதில் ஆகும்.

அதன் பிறகு காத்திருப்பு. தோட்டத்துக்கு வரும் தபால் ஆபீசுக்குத்தான் வரும். கிராணி பார்த்துக் கொடுப்பார். 1950-களிலும் 60-களிலும் பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. வேலையும் வீடும் போன குடும்பங்கள் வேறு தோட்டத்துக்குப் பெயர்ந்தன. கடிதம் பழைய விலாசத்துக்கே போகும். துண்டாடலின் கொடுமையைக் கண்டு துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடக்கியது நமக்குத் தெரியும். நிலம் போனதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். நிலத்தோடு போன காகிதங்களைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசவில்லை என்பது என் எண்ணம்.

காகிதத்தின் மதிப்பு 1969-இல் தெரிந்தது. 1968-இல் இயற்றப்பட்ட வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பிரஜை அல்லாதவர் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்றானது. நீலக் கார்டுக்காரர் வழக்கம்போல் காலையில் மரத்துக்குப் போனார். முப்பது ஆண்டு அதே மரங்களை வெட்டிய சிவப்புக் கார்டுக்காரர் பெர்மிட் வருமா வராதா என்று திண்ணையில் உட்கார்ந்தார். அக்காலத்தில் ஏறத்தாழ 60,000 பேர் இந்தியாவுக்குத் திரும்பியதாக நூல்கள் கூறுகின்றன. அவர்களில் சிலர் இங்கேயே பிறந்தவர்கள். அவர்களுக்கு அது திரும்புதல் ஆகாது, முதன் முறையாகப் போவது. ஒரே வீட்டில் மகன் நீலம், தாய் சிவப்பு என்று இருந்து, தாய் கப்பலேறியதும் உண்டு.

இது பழங்கதை என்று எண்ண வேண்டாம். 1962-க்குப் பிறகு, இந்த மண்ணில் பிறந்தது மட்டும் போதாது. தாய் தந்தையரில் ஒருவராவது பிரஜையாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்று விதி மாறியது. அடுத்து வந்தது திருமணப் பதிவு. 1982 மார்ச்சு முதல் தேதிக்குப் பிறகு, கோயிலில் தாலி கட்டினால் மட்டும் சட்டத்தின் கண்ணில் திருமணம் ஆகாது, பதிய வேண்டும். பதியாத பெற்றோரின் பிள்ளை தாயின் வழியைத்தான் பின்பற்றும். தகப்பன் நீலக் கார்டு வைத்திருந்தும், தாய் பிரஜையல்லாத காரணத்தால் பிள்ளை நாடற்றவனாக வளர்ந்த வீடுகள் நம்மிடையே உண்டு. அத்தகைய பிள்ளை பள்ளியில் சேர்வதற்கே அல்லாட வேண்டியிருக்கிறது. 2011-இல் அரசாங்கம் ‘மைடாஃப்தார்’ என்ற பதிவு இயக்கத்தை நடத்தியபோது, பத்திரம் இல்லாத நம்மவர் பலர் வரிசையில் நின்றார்கள்.

2024-இல் நாடாளுமன்றம் ஏற்ற திருத்தம், வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாருக்குத் தந்தையருக்குச் சமமான உரிமை தந்தது. நல்ல காரியம். அதே திருத்தம், நிரந்தரவாசிகளுக்கு இங்கே பிறக்கும் பிள்ளைகள் தானாகவே பிரஜையாகும் வழியை நீக்கவும் வகை செய்தது. சிவப்புக் கார்டு உள்ள வீட்டார் இதைக் கவனிக்க வேண்டும்.

மனு நிராகரிக்கப்பட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். இந்த விஷயத்தில் அரசாங்கத்தின் முடிவை நீதிமன்றத்தில் மேல் முறையீடு செய்ய முடியாது என்று அரசியல் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை சொல்கிறது. சட்டப்படி தானாகவே கிடைக்க வேண்டிய உரிமை மறுக்கப்பட்டது என்று வழக்காடுவது வேறு. அதற்கு வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும். மற்றபடி, மறுபடியும் மனுச் செய்வதே வழி. பெரியவர்கள் மூன்று முறை, நான்கு முறை எழுதிப் போட்டது இதனால்தான்.

ஆகவே மனுக் கொடுத்தவர்கள் ரசீது எண்ணைத் தனித்தாளில் எழுதி வையுங்கள். கொடுத்த ஒவ்வொரு தாளுக்கும் ஒரு நகல் இருக்கட்டும். வீடு மாறினால் புது விலாசத்தைத் தேசியப் பதிவு இலாகாவுக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். பழைய தோட்டத்து ஆபீசில் உங்கள் பெயருக்குக் கடிதம் கிடக்கிறதா என்று ஒரு நடை போய்க் கேளுங்கள்.